வாங்கிய கப்பலும் கட்டாத பட்டறையும்

1

தூத்துக்குடியில் கப்பல் என்று பேச்செடுத்தால் அடுத்த சொல் வ.உ.சி. என்றுதான் வரும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லித் தந்தது. 1961இல் வந்த சினிமா அப்படித்தான் காட்டியது. துறைமுகத்துக்கும் அவர் பெயர்தான். இதில் தப்பொன்றுமில்லை. ஆனால் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்கிற பட்டத்தில் இருக்கும் வினைச்சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ‘ஓட்டிய’ என்னும்போது கப்பல் ஏற்கனவே அங்கே இருக்கிறது. யாரோ கட்டி முடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்ற கேள்வியைப் பட்டப்பெயர் கேட்பதில்லை. நாமும் கேட்டதில்லை.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவதுதான் அந்தக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கம்பெனியின் நோக்கங்களாக எழுதப்பட்டவை அதற்கும் மேலே போகின்றன. இந்தியர்களுக்கும் இலங்கை முதலான ஆசிய நாட்டவருக்கும் கப்பல் நடத்தவும் கப்பல் கட்டவும் கற்றுத்தர வேண்டும். கப்பல் கட்டவும் பழுதுபார்க்கவும் பட்டறைகள் ஏற்படுத்த வேண்டும். இதெல்லாம் அந்த நோக்கங்களில் உண்டு.

கப்பல் வந்தது. பட்டறை வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த வராத பட்டறையைப் பற்றியது.

பட்டறை ஏன் வரவில்லை என்பதற்குச் சுலபமான பதில் ஒன்று நம் கையில் இருக்கிறது: வெள்ளைக்காரன் கம்பெனியை நசுக்கிவிட்டான். உண்மைதான். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால் வேறொரு விஷயம் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது. கம்பெனி பதிவாகிற அன்றைக்கும் அதே ஊரின் கரையில் கலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. போர்டு இல்லை, பங்குப் பத்திரம் இல்லை, ஷரத்து இல்லை. ஏரா வைத்து, வங்கு நிறுத்தி, பலகை அடித்து, கலப்பத்து முடித்துக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டறை வேண்டும் என்று எழுதிய காகிதத்துக்கும், பட்டறையாகவே இருந்த கரைக்கும் இடையில் என்ன தூரம்? அந்தத் தூரம் எப்படி உண்டாயிற்று?

2

முதலில் கம்பெனியின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் அறிந்ததுதான்.

ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயிலிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி நெருக்கடி கொடுத்ததில் அந்த வாடகைக் கப்பலும் போயிற்று. வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவை. போட்டியில் வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் தூத்துக்குடி ஏஜெண்டுகள் ஏ. அண்டு எஃப். ஹார்வி. கோரல் மில்லை நடத்தியவர்களும் அவர்கள்தான். 1908 பிப்ரவரி கடைசியில் அந்த மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கி, மார்ச்சில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். சில நாளில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். ஜூலையில் ஆயுள் தண்டனை. 1911க்குள் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

இந்தக் கதையில் ஒரு சின்ன விவரத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழமற்றது. நீராவிக் கப்பல் எதுவும் கரைக்கு வர முடியாது. சில மைல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையானாலும், கொழும்பு வியாபாரியானாலும், இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனமானாலும் கரையிலிருந்து தோணியிலும் படகிலும்தான் போய் ஏற வேண்டும். இந்த நிலைமை 1974இல் புதிய துறைமுகம் வரும்வரை அடிப்படையில் மாறவில்லை. ஆக, வெள்ளைக்காரன் கப்பலாக இருந்தாலும் சுதேசிக் கப்பலாக இருந்தாலும், அது கப்பலாக வேலை செய்ய வேண்டுமானால் ஊர்க்காரன் கட்டிய மரக்கலம் வேண்டும். நீராவி வந்ததும் மரக்கலம் செத்துப்போயிற்று என்று தொழில்நுட்ப வரலாறு நேர்கோட்டில் சொல்லும். தூத்துக்குடியில் நடந்தது அப்படியல்ல. நீராவி மரக்கலத்தின் தோளில் உட்கார்ந்துதான் இந்தக் கரையைத் தொட்டது.

3

சரி, அந்தக் கரையில் என்ன மாதிரி அறிவு இருந்தது?

கலம் கட்டுகிற தச்சரை இந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். யாழ்ப்பாணக் கரையிலும் அதே சொல்தான். ஓடாவியிடம் வரைபடம் கிடையாது. முதலில் ஏரா, அதாவது கலத்தின் முதுகெலும்பு. அதன் நீளத்திலிருந்து மற்ற அளவுகள் விகிதமாகப் பிறக்கின்றன. முன்னால் அணியம், பின்னால் அமரம். நடுவில் வங்குகள், விலா எலும்பு மாதிரி. வங்குக்கு நேர்மரம் உதவாது. இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளை வேண்டும். நேர்மரத்தை அறுத்து வளைவாக்கினால் நார் அறுந்துபோகும், அலை அடிக்கிற இடத்தில் முறியும். வளைந்த கிளையில் நார் வளைவோடு ஓடுகிறது. ஆகவே ஓடாவி மரத்தைப் பார்க்கும்போதே அதற்குள் எந்த வங்கு இருக்கிறது என்று பார்க்கிறார். இது ‘கைத்திறன்’ மட்டுமா? பொருளின் பலம் எந்தத் திசையில் ஓடுகிறது, சுமை எங்கே வந்து விழுகிறது என்று கணக்குப் போடுகிற பொறியியல் இது. காகிதத்தில் போடாத கணக்கு.

பலகைக்கு அயினியும் தேக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை கலப்பத்து. எவ்வளவு இறுக்கமாக அடிக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். பஞ்சு குறைந்தால் ஒழுகும். மீறி அடித்தால், மரம் தண்ணீரில் ஊறி உப்பும்போது பலகையே பிதுங்கிவிடும். எவ்வளவு என்று கேட்டால் ‘சத்தம் சொல்லும்’ என்பார்கள். கொட்டாப்புளி விழுகிற சத்தம் மாறும்போது நிறுத்த வேண்டும். இதை எந்த அளவுகோலில் எழுதுவது?

மொழியைப் பற்றியும் ஒன்று. கலப்பத்து என்ற சொல் போர்த்துகீசியரோடு வந்தது. சுக்கான் அரபி. நங்கூரம் பாரசீகம். லஸ்கர் பாரசீகம். மாலுமியும் அரபியிலிருந்து வந்த சொல் என்பார்கள். ஏராவும் அணியமும் நம்முடையவை. ஒரே கலத்தில் நாலு கடல்களின் மொழி. தூய தமிழ்க் கப்பற்கலை என்று ஒன்றைத் தோண்டி எடுத்துக் காட்டி, சோழன் கடாரம் கொண்டதோடு கோர்த்துப் பெருமைப்படுகிறவர்களுக்கு இந்தச் சொற்பட்டியல் தர்மசங்கடம்தான். கடற்கரையின் அறிவு கலப்பிலிருந்து பிறந்தது. சாதி, மதம், நாடு என்ற எல்லைகளை மீறி வேலைத்தலத்தில் பரிமாறப்பட்டது. ‘கப்பல் சாத்திரம்’ போன்ற சுவடிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை மரத்தின் கணுவுக்கும் நாளுக்கும் பலன் சொல்வதில் காட்டுகிற அக்கறையை, பஞ்சு எவ்வளவு அடிப்பது என்பதில் காட்டுவதில்லை. எழுதுகிறவன் ஒரு இடத்தில், அடிக்கிறவன் வேறொரு இடத்தில் என்று நம் சமூகம் பிரித்து வைத்ததன் விளைவு அது.

4

இந்த அறிவு ஏன் வரலாறாகவில்லை? ஃபூக்கோ 1976இல் ஆற்றிய உரைகளில் அடக்கப்பட்ட அறிவுகளைப் பற்றிப் பேசுகிறார்: போதாத அறிவு, விரிவாக்கப்படாத அறிவு என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டு, அறிவின் படிநிலையில் கீழே தள்ளப்பட்டவை. நம் கரையில் அந்தத் தகுதிநீக்கம் எப்படி நடந்தது என்பதற்கு மூன்று உதாரணங்கள்.

ஒன்று. முத்துக்குளிப்பு. சிப்பி எத்தனை எடுக்கப்பட்டது என்று அரசு எண்ணியது. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு என்று பிரித்தது. தூத்துக்குடிப் பாரில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிச் சலாபம். சிப்பியை எண்ணிய அரசுக்கு, குளியாளியைப் பாருக்குக் கொண்டுபோன படகைக் கட்டியவரை எண்ண வேண்டிய அவசியம் இல்லை. வருமானம் வருகிற இடத்தில்தான் ஆவணம் உண்டாகிறது.

இரண்டு. ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்தவர். சங்கு பற்றியும் முத்துப் பாரைப் பற்றியும் எழுதியவர். இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் முக்கியமானது. அவருடைய கண் கூர்மையானது. படகின் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்திருக்கிறார். ஆனால் படகு அவருக்கு எந்த இனம் எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம். அதே காலத்தில் நீராவிக் கப்பல் ‘தொழில்’ என்ற தலைப்பில் எழுதப்படுகிறது. மரக்கலம் ‘இனவியல்’ ஆகிவிடுகிறது. தொழில் என்றால் அதற்கு எதிர்காலம் உண்டு. இனவியல் என்றால் மியூசியம்தான்.

மூன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல். 1930களில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். அது வல்வெட்டித்துறை ஆட்களோடு கடல் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அங்கே அதன் பெயர் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’. ஓடாவிகள் கட்டிய எத்தனையோ கலங்களில் இந்த ஒன்றை நாம் பெயரோடு அறிகிறோம். ஏன்? அது விற்கப்பட்டது. வாங்கியவரிடம் காகிதம் இருந்தது.

இப்போது காலியாவைத் திரும்பிப் பாருங்கள். அதுவும் வாங்கப்பட்டதால் வரலாறானது. 1919 ஏப்ரல் 5 அன்று சிந்தியா கம்பெனியின் லாயல்டி என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டதைத்தான் இந்திய அரசு தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறது. அதுவும் விலைக்கு வாங்கிய கப்பலே. ஏகாதிபத்திய வரலாறு, தேசிய வரலாறு என்று நாம் எதிரெதிராக வைக்கிற இரண்டும் இந்த ஒரு புள்ளியில் கைகோர்க்கின்றன. இரண்டுக்குமே கப்பலின் வாழ்க்கை உரிமையாளரிடமிருந்துதான் தொடங்குகிறது. எந்தக் கண்டுபிடிப்பும் தனியொருவரின் வேலை அல்ல என்பதைத் தொழில்நுட்பத்தின் விமர்சன வரலாறு காட்டும், ஆனால் அப்படியொரு நூல் இன்னும் இல்லை என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தின் அடிக்குறிப்பு ஒன்றில் சொன்னார். நம் விஷயத்தில் அடிக்குறிப்புகூட இன்னும் எழுதப்படவில்லை.

5

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். வரட்டும். ‘மரத்தோணி கட்டுகிறவனால் இரும்புக் கப்பல் கட்ட முடியுமாய்யா? பாய்லர் யார் செய்வது? 1906இல் கப்பல் வாங்காமல் வேறென்ன செய்திருக்க முடியும்?’

முடியாதுதான். ஓடாவியை அப்படியே கொண்டுபோய் பாய்லர் முன் நிறுத்தினால் காலியா பிறந்திருக்காது. வ.உ.சி. கப்பல் வாங்கியது சரி. போட்டி நாளைக்கே வாசலில் நிற்கும்போது பட்டறைக்காகப் பத்து வருஷம் காத்திருக்க முடியாது. என் கேள்வி வேறு. மரத்திலிருந்து இரும்புக்குப் போகிற பாலத்தை யார் கட்டுவது?

பம்பாயைப் பாருங்கள். வாடியா குடும்பத்தினர் 1736 தொடங்கி அங்கே கப்பல் கட்டினார்கள். 1817இல் அவர்கள் தேக்கில் கட்டிய ‘டிரிங்கோமலீ’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அவ்வளவு திறமை இருந்த இடமும் இரும்பு யுகத்தில் அதே உயரத்தில் நிற்க முடியவில்லை. ஜப்பானைப் பாருங்கள். 1896இல் அந்த அரசு கப்பல் கட்டுவதை ஊக்குவிக்கும் சட்டம் போட்டு, உள்நாட்டில் கட்டுகிற கப்பலுக்கு டன் கணக்கில் மானியம் கொடுத்தது. 1898இல் நாகசாகியில் மிட்சுபிஷி பட்டறை 6,000 டன் அளவுள்ள ‘ஹிடாச்சி மாரு’வைக் கட்டி முடித்தது. எட்டு வருஷம் கழித்துத்தான் தூத்துக்குடியில் சுதேசிக் கம்பெனி பதிவாகிறது. அங்கே அரசு மானியம் கொடுத்தது. இங்கே அரசு செயலாளரைச் செக்கிழுக்க வைத்தது. திறமை இருந்ததா இல்லையா என்பதைவிட, திறமை அடுத்த கட்டத்துக்குப் போக வழி திறந்திருந்ததா என்பதே கேள்வி. நோக்கப் பட்டியலில் ‘கற்றுத்தர வேண்டும்’ என்று எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

விடுதலைக்குப் பிறகு? விசாகப்பட்டினத்தில் சிந்தியாவின் பட்டறை 1941இல் தொடங்கி, 1948இல் ‘ஜல உஷா’வைக் கடலில் இறக்கியது. பிறகு அது அரசுடைமையானது. பெரிய பட்டறை என்ற பாதை ஒன்று. சிறிய கரைப்பட்டறைகளை மேலே கொண்டுவருகிற பாதை இன்னொன்று. அந்த இரண்டாவது பாதையில் புல் முளைத்துவிட்டது.

6

இதற்காகக் கரைப்பட்டறையைச் சொர்க்கமாக்க நான் தயாரில்லை. தோணி முதலாளி உண்டு, முன்பணம் உண்டு, அந்த முன்பணத்திலேயே கட்டுண்டு கிடக்கிற வேலையாள் உண்டு. ஓடாவி, தண்டல், லஸ்கர் என்று படிநிலை உண்டு. வேலை கற்க வந்த பையன் அடிவாங்கித்தான் கற்றான். ஏரா வைக்கிற இடத்தில் பெண்ணுக்கு இடமில்லை. ஆனால் கலம் போய்த் திரும்பாத வீட்டின் கடனை அவள்தான் அடைத்தாள். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலைப் படித்தவர்களுக்குத் தோணித் தொழிலின் இந்த உள்முகம் தெரியும். அறிவு எழுதப்படாமல் இருந்ததற்கு வெள்ளைக்காரன் மட்டும் காரணமில்லை. தொழில் ரகசியம் குடும்பத்துக்குள், சாதிக்குள் பூட்டி வைக்கப்பட்டதும் காரணம்.

மாறாமல் உறைந்துபோன ‘மரபு’ என்பதும் பொய். தோணிகள் இன்ஜினுக்கு மாறியபோது என்ன நடந்தது என்று யோசியுங்கள். பாய்க்காகக் கட்டிய கலத்தில் இன்ஜின் வைக்க வேண்டுமானால் அதற்குப் படுக்கை போட வேண்டும். அமரத்தைத் துளைத்து ஷாஃப்ட் இறக்க வேண்டும். அதிர்வில் கலப்பத்து கழன்றுவிடாமல் வங்குகளை நெருக்க வேண்டும். ஓடாவியும் லேத் பட்டறைக்காரரும் சேர்ந்து நின்று, அளந்து, தப்பாகிப் பிரித்து, மறுபடியும் போட்டுத்தான் இதைச் செய்தார்கள். 1906இன் ஷரத்தில் எழுதியிருந்த ‘கட்டவும் பழுதுபார்க்கவும்’ என்பது இதுதான். கம்பெனி இல்லாமலே நடந்தது.

பிறகு ஃபைபர் வந்தது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் குவிந்தன. ஃபைபரில் அறிவு அச்சுக்குள் போய்விடுகிறது. ஒருமுறை அச்சு செய்தாகிவிட்டால், மெழுகு தடவி, கண்ணாடி இழைப் பாய் விரித்து, ரெசின் பூசி, ஒரே மாதிரிப் படகை எத்தனை வேண்டுமானாலும் உரித்தெடுக்கலாம். வேலையாள் மாறலாம், அச்சு இருந்தால் போதும். மீனவர் ஃபைபரை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. எடை குறைவு, பராமரிப்பு குறைவு, மரப்புழு துளைக்காது, நல்ல மரமும் இப்போது கைக்கெட்டுகிற விலையில் இல்லை. அதை மறுத்து ‘மரத்துக்குத் திரும்பு’ என்று நாம் உபதேசிக்க முடியாது. ஆனால் அச்சு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

7

இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும்? 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, கொச்சி கப்பல் கட்டும் நிறுவனத்தோடும் மும்பையின் மசகான் டாக் நிறுவனத்தோடும் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளங்கள் அமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டது. இரண்டும் சேர்ந்து சுமார் 30,000 கோடி ரூபாய். 1906இல் எழுதப்பட்ட பட்டறை 119 வருஷம் கழித்து வருகிறது என்று மேடையில் யாராவது சொல்லாமல் இருக்கப்போவதில்லை. வ.உ.சி. படமும் மாட்டப்படும்.

அந்த மேடைக்கு எதிரே நிற்கும்போது நம்மிடம் என்ன கேள்வி இருக்கும்? பெருந்தொழில் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இந்த ஊருக்கு அப்படிச் சொல்லக் காரணமும் இருக்கிறது. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதில் ஒரு பெண் இதே திரேஸ்புரத்தில் சுடப்பட்டவர். வளர்ச்சி என்ற சொல்லாடல் கரைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத் திரேஸ்புரத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் கப்பல் கட்டும் தளம் இந்த மண்ணுக்கு அந்நியமான தொழில் என்று மட்டும் சொல்ல முடியாது. அது இங்கேயே நடந்த தொழில். ஆகவே கேள்வியை இன்னும் கூர்மையாக்கலாம்.

அந்தத் தளங்களில் வேலைக்கு எடுக்கும்போது, ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லாத ஓடாவி எந்தப் பட்டியலில் வருவார்? திறன்மிகு தொழிலாளியா, காண்ட்ராக்டர் அழைத்து வருகிற எடுபிடியா? முப்பது வருஷம் வங்கு நிறுத்தியவரின் அனுபவத்தைச் சோதித்துச் சான்று கொடுக்க ஒரு முறை ஏற்படுத்தப்படுமா? கரையில் படகு கட்டவும் ஏற்றிப் பழுதுபார்க்கவும் பயன்படுகிற இடம் யாருடையது என்று எந்த ஆவணத்தில் இருக்கிறது? இல்லாவிட்டால், கையகப்படுத்தும்போது அது ‘காலி மணல்’ என்றுதானே எழுதப்படும்? நாட்டுப்படகுக்காரரின் கடல்வழி மறிக்கப்பட்டால் யாரிடம் போய் நிற்பது? இவற்றைத் தொழிற்சங்கங்களும் மீனவர் அமைப்புகளும் ஒப்பந்தம் கட்டடமாகிறதற்கு முன்னால் கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் பதிலாக நஷ்டஈட்டுத் தொகைதான் வரும்.

எழுதுகிறவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஓடாவிகளில் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய அளவு முறையை, மரம் பார்க்கிற முறையை, சொற்களைப் பதிந்து வைக்க வேண்டும். அகராதிக்குப் போடுகிற பட்டியலாக அல்ல. ஒரு கலத்தை ஏராவிலிருந்து கடலில் இறக்குகிறவரை கூடவே நின்று, எந்த இடத்தில் எதற்காக என்ன முடிவெடுக்கிறார் என்று அவர் வாயால் சொல்ல வைத்து எழுத வேண்டும். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். அந்தப் பிரதிக்கு ஆசிரியர் பெயர் போடும்போது அவருடைய பெயர் முதலில் வர வேண்டும். திரேஸ்புரத்தில், வேம்பாரில், கீழக்கரையில், இன்னும் எங்கெங்கே மரம் அறுபடுகிறதோ அங்கெல்லாம் இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. இரண்டு பேர், ஒரு டேப், ஒரு நோட்டு இருந்தால் ஒரு கலத்தோடு தொடங்கலாம்.